பத்து வீட்டுப் பிடி அரிசி

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் மாதா கோவிலுக்குப் போகும் வீடுகளில் ஒரு வழக்கம். உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். அது ஏழைகளின் பங்கு. ஞாயிறு பூசை முடிந்ததும் வின்சென்ட் தே பவுல் சபைச் சிறுவர்கள் வந்து அதை வாங்கிப் போவார்கள்.

ஆறாம் வகுப்பு அனு அன்று பத்து வீடு ஏறி இறங்கினாள். பை நிறைய அரிசியோடு குப்பத்துச் சந்திரம்மா வீட்டுக்குப் போனாள். மீன் கூடை சுமக்கும் சந்திரம்மாவுக்கு வழுக்கி விழுந்து கால் முறிந்திருந்தது. மூன்று வாரமாக அனு கொண்டுவரும் அரிசிதான் அந்த வீட்டில் சோறு.

கட்டுப் போட்ட காலை நீட்டி, முறத்தில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார் சந்திரம்மா.

"கல்லு பொறுக்குறீங்களாக்கா?"

"ஆமா கண்ணு." முறம் அவசரமாகப் பின்னால் போனது.

அவருடைய ஐந்து வயது மகன் துரை விடவில்லை. "பொய்யி! அரிசிய பிரிச்சிகினு கீது. உன் அரிசி சோறு பாதி களி, பாதி கல்லு! வயிறு நோவுது!"

"வாய மூடுறா!" சந்திரம்மா அவன் வாயைப் பொத்தினார். "ஃபாதராண்ட சொல்லிடாத கண்ணு. கொற சொன்னா அரிசிய நிறுத்திடுவாங்க."

அனு முறத்தை எட்டிப் பார்த்தாள். சென்னைக்காரர் வீட்டுப் பச்சரிசி, தஞ்சாவூர்க்காரர் வீட்டுப் புழுங்கலரிசி, நாகர்கோவில்காரர் வீட்டுச் சிவப்பரிசி. பச்சரிசி குழைந்து கூழாகும்போதுதான் சிவப்பரிசி தூங்கி எழுந்திருக்கும்!

"எல்லாத்தையும் ஒரே பையில கொட்டினது நான்தான்க்கா. ரெண்டு படி மட்டும் திருப்பித் தாங்க."

சந்திரம்மாவின் முகம் வாடிப்போனது. "திருப்பியா?"

"நாளைக்கே வந்துடும். கலந்த அரிசி சோத்துக்குத்தான் ஆகாது. தோசைக்கு ஆகுமே!"

வீட்டில் அம்மா, "மூணு வாரமாவா, மண்டு!" என்று ஆரம்பித்தார். ஊறிய அரிசியையும் உளுந்தையும் கிரைண்டரில் போட்டதும் அந்தச் சத்தத்தில் டி.வி. சினிமாவே கேட்கவில்லை. அம்மாவின் திட்டா கேட்கும்?

மறுநாள் பள்ளி விட்டதும் அனு மாவுத் தூக்கோடு சைக்கிளில் பறந்தாள். மாவு பொங்கி வழிந்து பாவாடையெல்லாம் கோலம். முதல் தோசை கல்லிலிருந்து நேராகத் துரையின் வாய்க்குள் போனது. சந்திரம்மா அடுத்ததை ஊற்றினார்.

சபைக் கூட்டத்தில் அனு எழுந்து நின்றாள். "தப்பு என்னோடது சார். அரிசி நல்ல அரிசிதான். நான் கலந்துட்டேன்."

தலைவர் தேவசகாயம் சார் தலையைச் சொறிந்தார். "நானும் சின்ன வயசுல இப்படித்தாம்மா கலந்தேன். யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லியே!" உள்ளே போய் மூன்று காலிப் பைகளோடு வந்தார்.

அடுத்த ஞாயிறு மூன்று பைகளும் வகைக்கொரு அரிசியோடு சந்திரம்மா வீட்டுக்கு வந்தன. அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு அனுவை அருகில் கூப்பிட்டார்.

"கண்ணு, ஒண்ணு சொல்லட்டா? அன்னைக்கு மாவுல உப்பு கம்மி. உங்கம்மாண்ட சொல்லு."

அனு சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினாள். அம்மாவிடம் இதைச் சொல்லாமல் இருப்பாளா?