பதில் நிற்கும் வரை

பூசையின் நடுவே கை கழுவ ஊற்றிய தண்ணீர், குருவான அண்ணனின் விரல்களை நனைக்கவில்லை. மெழுகின் மேல் விழுந்ததுபோல உருண்டு கிண்ணத்துக்குள் இறங்கியது. தம்பி துண்டை நீட்டினான். அவர் துடைக்காமலே பலிபீடத்தின் நடுவுக்குத் திரும்பிப் போனார்.

பூசைக்கு முன்னால் உடை மாற்றும் அறையிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

"டாக்டர் படுக்கச் சொல்லியிருக்காருண்ணா. இன்னைக்கு விட்டுடலாமே."

"போன வாரம் பாதிப் பதிலை முழுங்கிட்ட. இன்னைக்காவது வாயைத் திறந்து சொல்லு. லத்தீன் கடிச்சிடாது."

"நீயும் போயிட்டா எனக்கு யாருண்ணா இருக்கா?"

அண்ணன் பூசை உடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

பழைய முறைப் பூசை. குருவானவர் பீடத்தைப் பார்த்து நிற்பார். உதவி செய்பவனுக்குப் பெரும்பாலும் முதுகுதான் தெரியும்; அவர் ஜெபிக்க ஜெபிக்க லத்தீனில் பதில் சொல்வது அவன் வேலை. கோயிலில் வேறு யாரும் இல்லை. சன்னல்களில் இன்னும் வெளிச்சம் ஏறவில்லை. ஈரக் கல்லும் பழைய சாம்பிராணியும் கலந்த வாடைக்கு நடுவே அண்ணனின் முணுமுணுப்பு மட்டும், நின்று நின்று, தூரத்துக் குழாயில் தண்ணீர் ஓடுவதுபோலக் கேட்டது.

அண்ணன் அவன் பக்கம் திரும்பி, சேர்ந்து ஜெபிக்க அழைத்தார். அவனுக்கு நாக்கு எழவில்லை. அந்த உருவம் சாயத் தொடங்கியது. மெதுவாக, சுவரில் சாத்திய ஏணி வழுக்குவதுபோல. அவசரமாகப் பதிலைச் சொன்னான்.

உருவம் நிமிர்ந்தது.

அப்பத்தை உயர்த்தும் நேரம் வந்தது. வழக்கப்படி பின்னால் மண்டியிட்டு உடையின் ஓரத்தைப் பிடித்தான். மறு கையால் மணியடித்தான். துணி அசையவில்லை. அந்த முதுகில் மூச்சு இல்லை.

ஓடிப்போய் யாரையாவது கூப்பிடலாம். அதற்குள் அடுத்த பதிலுக்கு நேரம் வந்துவிடும். பயம்கூட வரவில்லை. முழங்காலில் கல்லின் குளிர் ஏறியது. குரல் கேட்டது; பதில் சொன்னான். கேட்டது, சொன்னான்.

அது கடைசியாகத் திரும்பியது. நெஞ்சில் கை கூப்பியிருந்தது. பூசை முடிந்தது, போகலாம் என்றது.

இறைவனுக்கு நன்றி என்று அவன் சொல்ல வேண்டும். சொன்னால் முடிந்துவிடும். சொல்லாவிட்டால் விழுந்துவிடும்.

உருவம் சாயத் தொடங்கியது.

மறுபடியும் ஆரம்பத்திலிருந்து, பூசையின் முதல் பதிலைச் சொன்னான்.

நிமிர்ந்தது. படியிறங்கி அவன் பக்கத்தில் வந்து நின்றது. ஆரம்ப ஜெபத்துக்கு உதடுகள் பிரிந்தன. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

திறந்திருந்த கண்ணின் மேல் ஒரு ஈ நடந்துகொண்டிருந்தது. இமை மூடவில்லை.