ஏழாம் கணினியின் வாசகர்

பஸ்லினாவின் தாளில் முப்பத்தேழு என்று இருந்தது. ஜெயராணியின் கொப்பியிலும் முப்பத்தேழு. வேறு யாராவது பார்த்திருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஜெயராணியால் மட்டும் அப்படிப் போக முடியவில்லை. அந்த முப்பத்தேழு அவள் சும்மா எழுதிவைத்த பொய்.

பேராதனை வீதியிலிருந்து பிரிந்து ஏறும் ஒழுங்கையின் உச்சியில் அந்தத் தனியார் கல்வி நிறுவனம் இருந்தது. அதன் நூலகத்தில் பதினொரு வருடமாக அவள் ஒப்பந்தத்தில் வேலை செய்தாள். சந்தா கட்டி வாங்கும் மின்சஞ்சிகைகளை மாணவர்கள் மாதம் எத்தனை தடவை திறந்து பார்த்தார்கள் என்று எண்ணி எழுதுவது அவள் பொறுப்பு. பதினான்கு வெளியீட்டாளர்கள், பதினான்கு இணையத்தளங்கள், பதினான்கு கடவுச்சொற்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, எண்ணை முதலில் பென்சிலால் கொப்பியில் எழுதி, பிறகு கணினியில் ஏற்றுவாள். மூன்று நாள் முதுகு ஒடியும்.

அதில் மண்ணியல் சஞ்சிகைத் தொகுப்பு இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுடைய கடவுச்சொல்லை ஏற்க மறுத்தது. இரண்டு மின்னஞ்சல் போட்டாள், பதில் இல்லை. தலைமை நூலகர் நிஸாமிடம் போய்ச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த மாதம் முந்தைய எண்ணோடு நாலைக் கூட்டி எழுதினாள். அடுத்த மாதம் ஆறைக் குறைத்தாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. கணக்கியலும் கணினியும் படிக்க வரும் பிள்ளைகள் மண்ணைப் பற்றியா வாசிக்கப் போகிறார்கள்? கேட்க ஒருவரும் இல்லை.

மார்ச் மாதம் பஸ்லினா வந்தாள். அக்குறணைக்காரி, இருபத்தாறு வயது. பூட்டுப்போட்டிருந்த மண்ணியல் தளத்தை ஒரே தொலைபேசி அழைப்பில் திறக்கவைத்தாள். பிறகு ஒரு புரோகிராம் எழுதினாள். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி அது தானாகவே பதினான்கு தளங்களுக்கும் போய், எண்களை அள்ளிக்கொண்டு வந்து, அட்டவணை போட்டு வைத்தது. நாலே நிமிடம். நிஸாம் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று அதைப் படம் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நிரந்தர உதவி நூலகர் பதவி ஒன்று வந்திருந்தது. விண்ணப்பம் போட்டவர்கள் இரண்டு பேர். நேர்முகத்தேர்வு செப்டெம்பர் மூன்றாம் திகதி.

ஜூலைத் தொடக்கத்தில் நிஸாம் புரோகிராமைக் கொண்டு பழைய இரண்டு வருடக் கணக்கையும் எடுக்கச் சொல்லி, கொப்பியையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மண்ணியல் வரிசைக்கு அவருடைய விரல் வந்தபோது ஜெயராணி கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் கோழியாகத்தான் நின்றாள். முப்பத்தேழு, முப்பத்தேழு. நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று. இருபத்திநாலு மாதமும் ஒன்றுகூடப் பிசகவில்லை.

நிஸாம் சந்தோஷமாக நிமிர்ந்தார். "ரெண்டும் ஒன்டுதானே. அப்ப இனி கொப்பி என்னத்துக்கு?"

பிழைத்தேன் என்று மூச்சு விட்டாள். அடுத்த கணமே நெஞ்சு எரிந்தது. பதினொரு வருடத்தை ஒரே வரியில் மூடிவிட்டாரே. அக்கறை, அனுபவம் என்று அந்த எரிச்சலுக்கு என்னென்னவோ பெயர் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் ஒட்டவில்லை. அது பொறாமை. பச்சைப் பொறாமை. ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அவள் குடும்பத்தில் முதன்முதலாக ஒரு அலுவலகக் கதிரையில் உட்கார்ந்தவள் அவள். அந்தக் கதிரையின் ஓரத்தில் இன்னொருத்தி சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் கள்ளம் வேறு இல்லை. அக்காட கொப்பி இருந்ததாலதான் என்ட வேலைய சரி பாக்க ஏலுமா இருந்தது என்று அவள் எல்லாரிடமும் சொன்னது இன்னும் பொறுக்க முடியாமல் இருந்தது.

பொய் எண்ணுக்கு உண்மையில் வாசித்தவர் யார்? கேட்காமல் இருக்க முடியவில்லை. நூலகத்தின் சொந்தப் பதிவைப் பார்த்து பஸ்லினா சொன்னாள்.

"எல்லாம் ஏழாம் கம்பியூட்டர்ல இருந்துதான் அக்கா. ஒரே கட்டுரைய திருப்பித் திருப்பித் தொறந்து ஈக்கி. அரை நிமிசத்துக்கு ஒருக்கா."

அரை நிமிடத்துக்குள் இரண்டு தடவை அழுத்தினால் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள் என்பது இந்த வேலையில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரிந்த விதி. அது தெரிந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று பஸ்லினா சிரித்தாள். ஜெயராணி சிரிக்கவில்லை.

ஏழாம் கணினி வாசிப்பறையின் கடைசி மூலையில், உயரமான இரண்டு அலுமாரிகளுக்குப் பின்னால், ஜன்னலோரம் இருந்தது. மழை ஒழுகிச் சுவரில் பூஞ்சணம் பூத்திருந்ததால் மாணவர்கள் அங்கே போவதில்லை. அன்றிலிருந்து பின்னேரங்களில், ஹந்தானை மலைப்பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கி ஜன்னல் கண்ணாடிகள் வெளுக்கிற நேரத்தில், காற்றாடியின் கிறீச்சும் கீழே வீதியில் பஸ்கள் கியர் மாற்றுகிற உறுமலும் ஓய்கிற இடைவெளிகளில், ஈரச்சுவரும் பழைய பசையும் கலந்த ஒரு வாடையோடு, அலுமாரிகளுக்குப் பின்னாலிருந்து மவுஸை அழுத்தும் மெல்லிய ஒலி ஒன்று அவளுக்குக் கேட்டது. டிக். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அரை நிமிடம். டிக். எழுந்து போய்ப் பார்த்தால் வெறும் கதிரை. தொட்டுப் பார்த்தால் யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் சூடு.

ஜூலை முடிகிற நேரம், சோதித்துப் பார்க்க, கொப்பியில் ஐம்பத்திரண்டு என்று எழுதினாள். ஆகஸ்ட் முதலாம் திகதி புரோகிராம் கொண்டுவந்தது ஐம்பத்திரண்டு.

அன்று பயந்தது உண்மை. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் கிடந்து நெளிந்தது. பஸ்லினாவின் புரோகிராம் எங்கே போய் எதைத் தேடினாலும், கடைசியில் தான் எழுதியதைத்தானே தூக்கிக்கொண்டு வருகிறது? அப்படியென்றால் கண்டபடி ஒரு எண்ணை எழுதினால் என்ன? ஐம்பத்திரண்டுக்குப் பக்கத்தில் ஐயாயிரம் வந்து நின்றால், தேர்வுக்கு இரண்டு நாளைக்கு முன் நிஸாமின் முகம் எப்படிப் போகும்? பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நாற்பது என்று எழுதிக்கொள்ளலாம். மனுசி சரி, மெசின் பிழை.

பெரஹரா திருவிழா முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போயிருந்த வாரம். சனிக்கிழமை ஒரு மணிக்கு நூலகம் பூட்ட வேண்டும். நிஸாம் போய்விட்டார். பஸ்லினா தன் மேசையில் குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள், காதோரம் பூப்போட்ட ஷோலை ஒதுக்கியபடி. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ஜெயராணி கொப்பியைத் திறந்தாள். வழக்கமான பென்சிலை எடுக்கவில்லை. பேனாவால் அழுத்தி எழுதினாள்: 5,240.

கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. பஸ்லினா எழுந்து, மேசையில் பாதியில் விட்ட தேநீரைத் தாண்டி, நேரே அலுமாரிகளுக்குப் பின்னால் போனாள்.

"நீங்க போங்க அக்கா. நான் பூட்டிட்டு வாரேன்."

குரல் மட்டும் வந்தது. பிறகு, டிக். கடிகாரத்தில் சரியாக ஒரு மணி.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க கெட்டம்பேயில் தன் வாடகை அறையில் தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். குளியலறைக் குழாய் சொட்டியது. எண்ணிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தபடியே எண்ணினாள். அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு. பஸ்லினா தங்கியிருக்கும் போர்டிங்கில் அவள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைப்பார்கள். வீட்டில் போர்டிங்கில் இருப்பாள் என்று நினைப்பார்கள். ஜெயராணி யாருக்கும் அழைப்பு எடுக்கவில்லை.

திங்கட்கிழமை, முப்பத்தோராம் திகதி, எட்டரைக்கு முன்பே வந்துவிட்டாள். வாசலில் காவலாளி செல்லச்சாமி, வாசிப்பறையில் ரெண்டு ராவும் லைட் எரிந்ததாகச் சொன்னார். "புது மிஸ்தான். இன்டர்வியூக்குப் படிக்குதுன்னு நெனச்சு நான் கூப்பிடல."

பயத்தை எல்லாம் தள்ளிக்கொண்டு ஆத்திரம் முன்னால் வந்தது. படிக்கிறாளா? ஒளித்துவைத்துப் படிக்கிறாளா? படிகளை இரண்டிரண்டாக ஏறினாள்.

உள்ளே குளிராக இருந்தது. பஸ்லினாவின் மேசையில் சனிக்கிழமைத் தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது. அலுமாரிகளுக்குப் பின்னால் நீல வெளிச்சம்.

டிக்.

அவள்தான். அதே உடுப்பு, அதே பூப்போட்ட ஷோல். திரையில் ஒரே கட்டுரை திறந்து, மூடி, திறந்தது. மவுஸின் மேல் இருந்த விரல் ஊதிக் கறுத்திருந்தது. கண்கள் இமைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஐயாயிரத்து இருநூற்றி இருவது."

"பஸ்லினா."

தோளைத் தொட்டாள். சீமெந்துச் சுவரைத் தொட்டதுபோல் இருந்தது. இன்றைய குளிர் அல்ல அது. நேற்றைய குளிர்.

டிக்.

"ஐயாயிரத்து இருநூற்றி இருவத்தொன்டு."

ஓடிப்போய்க் கொப்பியை எடுத்தாள். பக்கத்தைக் கிழித்தாள். நாலாகக் கிழித்தாள். டிக். பேனா மை விரலில் அப்பியது, எண்ணுவது நிற்கவில்லை. செல்லச்சாமியைக் கூப்பிடலாம். நிஸாமுக்கு எடுக்கலாம். எடுத்தால் கேட்பார்கள். ஏன் எழுதினாய், எத்தனை மாதமாக எழுதினாய்.

இன்னும் பதினெட்டு. பத்து நிமிடம்கூட இல்லை. முடிந்தால் எழுந்துவிடுவாள்.

ஜெயராணி காத்திருந்தாள்.

கைகளைக் கட்டிக்கொண்டு, அலுமாரியில் முதுகைச் சாய்த்து, ஒவ்வொரு எண்ணாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். முப்பது. முப்பத்தொன்று. ஜன்னலில் பனி. பஸ் சத்தம் இல்லை. முப்பத்தெட்டு.

முப்பத்தொன்பது.

டிக்.

"ஐயாயிரத்து இருநூற்றி நாப்பது."

உதடு நின்றது. பஸ்லினா கதிரையிலிருந்து மெதுவாகச் சரிந்து, சத்தமில்லாமல், மேசைக்கடியில் மடிந்து கிடந்தாள். மூச்சு இருக்கிறதா என்று ஜெயராணி குனிந்து பார்த்தாள். இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தன்னையும் மீறி, மனதில் ஒன்று ஓடியது. இனித் தேர்வுக்குத் தான் ஒருத்திதான்.

கதிரை காலியாக இருந்தது.

ஏனென்று தெரியாமல் அதில் உட்கார்ந்தாள். சூடாக இருந்தது. மடியில் கொப்பி. கிழித்த பக்கத்துக்கு அடுத்த பக்கம், செப்டெம்பர், தன் கையெழுத்து, பேனா மை இன்னும் ஈரம். அவள் எழுதவில்லை.

86,400.

எத்தனை வருடக் கணக்கு வேலை. மனம் தானாகப் பெருக்கியது. நிமிடத்துக்கு இரண்டு. மணிக்கு நூற்றிருபது. நாளைக்கு இரண்டாயிரத்து எண்ணூற்றி எண்பது. முப்பது நாள். அரை நிமிடமும் மிச்சமில்லை.

எழ நினைத்தாள். வலது கை மவுஸின் மேல் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. இன்று முப்பத்தொன்று அல்லவா என்று நினைத்தாள். திரையின் மூலையில் திகதி செப்டெம்பர் ஒன்று என்றிருந்தது.

கீழே நிஸாமின் கார் வந்து நின்றது. கதவு அறைந்தது. படியில் காலடி. ஜெயராணி, பஸ்லினா என்று இரண்டு பெயரையும் அவர் கூப்பிட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

டிக்.

"ஒன்று."