பவளம் ஊறிய பால்

கல் வெளுத்திருந்தது. லாவண்யாவை முதலில் உறுத்தியது அதுதான். நேற்றுச் சாயங்காலம் பச்சைப்பாலில் போடும்போது பழுத்த மிளகாயாய்ச் சிவந்து கிடந்த பவளம், செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தால் செத்த மீனின் கண்ணாக வெளிறி, மேலெல்லாம் ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடி ஓட்டைகள். கடைக்காரரிடம் லென்ஸ் கேட்டு வாங்கிப் பார்த்து எடுத்த கல் அது. அன்றைக்கு ஒரு துளைகூட இல்லை.

அவள் ஜாதகத்தில் செவ்வாய் ஏழில். "புருஷனை முழுங்கிடுவா" என்று கல்யாண மண்டபத்திலேயே யாரோ சொன்னது காதில் விழுந்தது. மாப்பிள்ளை பரத் சிரித்தான். அவளால் முடியவில்லை. அவன் நன்றாக இருக்க வேண்டும், அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். அதற்காகத்தான் பவள மோதிரத்தின் அடிப்பக்கத்தைத் திறந்துவிட்டு, கல் சதையைத் தொடும்படி செய்து இத்தனை நாளும் போட்டிருந்தாள்.

கீழ்வீட்டு லட்சுமம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "பவளத்துக்கு உசுரு உண்டும்மா. உன் தோஷத்தயெல்லாம் அது குடிக்கும், பால்ல போட்டா கக்கிடும். அந்தப் பாலை யாரு காலும் படாம மரத்தடியில ஊத்திடு. வாயில மட்டும் வெக்க பேடா, வெச்சிடாதே."

கேட்டாளா? மோதிரத்தைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, பாலை அப்புறம் ஊற்றிக்கொள்ளலாம் என்று டம்ளரை அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். எல்லாம் சோம்பல்.

குளித்து வந்தால் வீடு நாறியது. அவர்கள் குடியிருந்த ஜோகுபாளையத்தில் மழை பெய்தால் சாக்கடை நாறும், ஏரிக்காற்று அடித்தால் பாசி நாறும். இது அதெல்லாம் இல்லை. வெயிலில் கிடந்த மீன் செவுளும் புளித்த பாலும் சேர்ந்து, தொண்டைக்குள் கொழகொழவென்று இறங்குகிற நாற்றம். அதற்கு மேலாகக் காப்பி வாசனை.

காப்பி.

டம்ளர் காலி. உட்புறத்தில் இளஞ்சிவப்பாய் ஓர் ஆடை ஒட்டியிருந்தது. விரலால் தொட்டாள். ஆடை தானாகச் சுருங்கி விலகியது.

சீ! கையை உதறினாள்.

"பரத்! அந்தப் பாலையா எடுத்த?"

"பால் பாக்கெட் இன்னும் வரல. ஒரு டம்ளர் பாலுக்கா இப்படிக் கத்துற?" ஹாலில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். முதுகுதான் தெரிந்தது. "திரிஞ்ச பாலா அது? நாக்குல ஏதோ நறநறங்குது."

"துப்பு! விரலை விட்டு வாந்தி எடு, பரத்!"

இருமினான். அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எச்சிலோடு உள்ளங்கையில் என்னவோ விழுந்தது. பல். இன்னொரு பல். அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வலிக்கவே இல்ல, லாவண்யா. உள்ள என்னன்னு பாரேன்."

திரும்பி வாயைத் திறந்தான்.

நாக்கு முழுக்க. அண்ணம் முழுக்க. பல் விழுந்த குழிகளில்கூட. சிவப்பாய், ஈரமாய், பொடி மொட்டுகள். ஒவ்வொன்றாய் விரிந்தன. ஒவ்வொன்றுக்குள்ளிருந்தும் நூல்நூலாய் விரல்கள் நீண்டு, காற்றைத் துழாவி, அவள் பக்கம் திரும்பின.

சரியாகத் தெரியவில்லையோ என்று, பரத் வாயை இன்னும் பெரிதாகத் திறந்து காட்டினான்.