மூத்தவளின் சம்மதம்

அக்காவின் முதலாம் ஆண்டுப் பூசை முடிந்த கிழமையே அம்மாவும் நானும் ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டு, தோர்ண்டன் ஹீத்தில் அத்தானின் வீட்டுக்குப் போனோம். ஜனவரி மாதம். பஸ்ஸால் இறங்கும்போது பின்னேரம் நாலு மணிகூட ஆகவில்லை. ஆனாலும் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அம்மாவின் கையில் ஒரு பயணப் பை. அதற்குள் வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய கூறைச் சேலை.

அந்தச் சேலை எனக்கு, இளையவள் கிளறிற்றாவுக்கு.

அக்கா டொலறஸும் அவள் கணவர் ஜெராட் அத்தானும் நோர்பரியில் கலியாணச் சாமான் கடை வைத்திருந்தார்கள். கூறை, மாலை, வாடகைக்கு மணவறை. அப்பா கடைசியாக இருந்த ஊர்க்காணியையும் விற்று அந்தக் கடையில்தான் போட்டிருந்தார். கடைக்கு வருகிறவர்கள் அக்காவைத் தேடித்தான் வருவார்கள். மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தே அவளுக்கு எந்த நிறம் பொருந்தும் என்று அக்கா சொல்லிவிடுவாள். ஒரு சனிக்கிழமை ஒரு பெண்ணுக்குச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். பிறகு அவள் கண் திறக்கவில்லை. பிள்ளைகளும் இல்லை.

ஆகவே, இரண்டு குடும்பத்தையும் ஒரு கடையையும் சேர்த்துக் கட்டியிருந்த முடிச்சு அவிழ்ந்து போயிற்று. அதைத் திரும்பக் கட்ட அம்மாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நானும் மறுக்கவில்லை. அக்கா போன பிறகு ஒருநாள் அத்தான் தேநீருக்கு இரண்டு கோப்பைகளை எடுத்து, ஒன்றைச் சத்தமில்லாமல் திரும்ப அலுமாரிக்குள் வைத்ததைக் கண்டிருந்தேன். அன்றிலிருந்தே எனக்கு அவர்மேல் பிரியம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வீடு விக்டோரியா மகாராணி காலத்தது. சிவப்புச் செங்கல், ஒடுங்கிய படிக்கட்டு, ஒவ்வோர் அறையிலும் மூடிவைத்த கணப்படுப்பு. அவர்கள் அதை வாங்கியபோது அக்காவுக்கு அதன் சரித்திரத்தில் பெரிய ஆசை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி சொன்னதையெல்லாம் வேலை முடிந்து வரும் வழியில் போனில் எனக்குச் சொல்வாள்.

அந்தக் காலத்தில் பக்கத்து மிட்ச்சத்தில் வயல் வயலாகப் பெப்பர்மின்ட் விளைந்ததாம். வயல்கள் ஒருவருடையவை. இலையைக் காய்ச்சித் தைலம் எடுக்கும் செப்புக் கொதிகலன்கள் கிரெஸ்வெல் என்ற இன்னொருவனுடையவை. வயல்காரருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஹாரியட்டைக் கிரெஸ்வெல்லுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வயலும் கொதிகலனும் ஒரு குடும்பமாயின. அவர்கள் குடியிருந்தது அக்கா வாங்கிய இதே வீட்டில்தானாம். சில வருடங்களில் ஹாரியட் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். வியாபாரம் உடையக் கூடாதென்று இளையவள் எடித்தை அவனுக்கே கொடுத்தார் தகப்பன். செத்தவளின் தங்கையைக் கட்டுவதை இங்கிலாந்தின் சட்டம் அப்போது ஏற்கவில்லையாம். கடல் தாண்டிப் போய்க் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஊர் அவர்களைச் சேர்க்கவில்லை.

அக்கா சிரித்தது நினைவிருக்கிறது. "எங்கட ஊரில அப்பிடி ஒரு சட்டம் இருந்திருந்தால் பாதிச் சனம் கலியாணமே கட்டியிராதடி."

எடித்தைக் கட்டியபிறகு கிரெஸ்வெல் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கவில்லை. கோடைகாலத்தில் படுக்கையில் விறைத்துக் கிடந்தானாம். எடித் மட்டும் கிழவியாகும்வரை அந்த வீட்டில் இருந்தாள். தெருவில் போகும்போது ஒரு கையைச் சற்று நீட்டியபடி, யாரோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது போல நடப்பாளாம். மாடி முன்னறையில் எப்போதாவது பெப்பர்மின்ட் மணக்கிறது என்றும் அக்கா சொன்னாள். பழைய மரத்தில் ஊறிய மணம் என்று அவளே காரணமும் சொன்னாள்.

அவளும் அத்தானும் படுத்த அறை அதுதான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கத்தோலிக்கக் கோவிலுக்குத் தெரியாத வழக்கம், சுவாமியாரிடம் யாரும் சொல்வதில்லை. கணவன் இருக்க இறந்துபோனவளின் இடத்துக்கு இன்னொருத்தி வருவதானால், முதலில் போனவளிடம் சம்மதம் கேட்க வேண்டும். அவள் படுத்த அறையில் புதுக் கூறையை வைத்து, ஒரு மெழுகுதிரி கொளுத்தி, வரப்போகிறவள் முழந்தாளிட்டுக் கேட்பாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே இருக்க வேண்டும். திரி முழுவதும் எரிந்தால் சம்மதம். இடையில் அணைந்தால் இல்லை.

படம் வைக்கக் கூடாது. பெயரும் சொல்லக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போகிற உயிர் போக முடியாமல் நின்றுவிடும் என்பார்கள். முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

அத்தான் கீழே கடலை வடையைப் பொரித்துக்கொண்டே அம்மாவைப் பகிடி பண்ணினார். "மாமி, அவ உயிரோட இருக்கேக்க ஒரு சேலைக்கும் ஓம் எண்டு உடன சொன்னதில்லை. இரண்டு மூண்டாவது விரிச்சுக் காட்டோணும்."

அம்மாவும் சிரித்தார். நான் மேலே போனேன்.

அறையில் பாதி இருட்டு. கட்டில், அக்காவின் அலுமாரி, கணப்படுப்பு. கூறையைக் கட்டிலில் வைத்துத் திரியைக் கொளுத்தினேன். முழந்தாளிட்டேன்.

"அக்கா, நான் அத்தானைக் கட்டப் போறன். உங்களுக்குச் சம்மதமோ?"

எங்கோ மிக அருகில் துணி உரசியது. சேலை உரசும் சத்தமாக அது இல்லை. பாரமான, அடுக்கடுக்கான துணி, பலகையில் இழுபடும் சத்தம். அந்த அறையில் நிலம் முழுவதும் கம்பளம்.

திரியின் சுவாலை என் பக்கம் சாய்ந்தது.

காதுக்குப் பக்கத்தில் குளிர்ந்த மூச்சு. பெப்பர்மின்ட் மணம்.

பதில் வந்தது.

தமிழில் இல்லை.

எப்படிக் கீழே வந்தேனென்று தெரியாது. நான் சொன்னதை அம்மா பொறுமையாகக் கேட்டார். அக்கா கடையில் இங்கே பிறந்த பிள்ளைகளோடு நாள் முழுக்க இங்கிலிஸ் கதைத்தவள்தானே என்றார். பயந்த காதுக்கு எல்லாம் கேட்கும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே மேலே போய்ப் பார்த்துவிட்டு, முகம் மலர இறங்கி வந்தார். திரி அடிவரை எரிந்திருந்தது. அம்மா தந்த கூறையை நான் வாங்கினேன். பனியில் கிடந்த துணி போல அது கையைச் சுட்டது.

ஏப்ரலில், உயிர்ப்பு ஞாயிறு முடியக் கலியாணம் என்று முடிவாயிற்று.

அதன்பிறகு அத்தான் மாறினார். முதலில் சந்தோசமாகத்தான். தவக்காலம் தொடங்கியபோது ஒருநாள் கடையில் மேல்கோட்டைக் கழற்றாமலே நின்றார். மாலைகளுக்கும் சரிகைக் குடைகளுக்கும் நடுவே, கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகிறாரா என்று கேட்டேன். இல்லை, குளிர் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கா வந்து போகிறாள் என்றார். படியில் நடக்கிறாளாம். அவர் படுத்ததும் கட்டிலின் மற்றப் பக்கம் மெல்லப் பதிகிறதாம். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் உடைக்க முடியவில்லை. வீட்டை விட்டுக் கொஞ்சநாள் எங்களோடு வந்து இருங்கள் என்று மட்டும் கேட்டேன். அவளைத் தனியே விட்டுவிட்டு எப்படி வருவது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம், கடையில் வேலை செய்யும் ஸ்ரீநிதி எனக்குப் போன் எடுத்தாள். அவள் திருச்சிப் பெண். சில நாட்களாக அத்தான் கடைக்கு வரவில்லை என்றாள்.

"போன் பண்ணினா, மெதுவா பேசு, அவ தூங்குறான்னு சொல்றார். அங்க யாருங்க தூங்குறாங்க?"

நான் வேலை செய்யும் விமான நிலையத்தில் ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். ரெயினும் பஸ்ஸும் மாறிப் போய்ச் சேர வானம் மூடி மழை இருட்டிவிட்டது. அக்காவின் திறப்பு என்னிடம் இருந்தது. அதைப் போட்டுக் கதவைத் திறந்ததும் பெப்பர்மின்ட் மணம் முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது. மூச்சு உள்ளே போகப் போக நெஞ்சுவரை விறைத்தது. மின்விளக்கு எரியவில்லை.

மேலே அத்தானின் குரல். யாருக்கோ மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஏறினேன். எனக்கு மேலே, இருட்டில் கண்ணுக்குத் தெரியாத படிகளில், துணி இழுபட்டுப் போயிற்று.

அத்தான் கட்டில் விளிம்பில் மேல்கோட்டோடு இருந்தார். முகம் வற்றி, தாடி வளர்ந்து, வேறு மனிதர் போலிருந்தார்.

"கிளறிற்றா, சத்தம் போடாதையும். அவ இப்பதான் கண் அயர்ந்தவ."

"ஆர், அத்தான்?"

"உம்மட அக்கா."

"எழும்புங்கோ. அம்மாவிட்டைப் போவம்."

"ஏலாது. கையைப் பிடிச்சபடி கிடக்கிறா."

அவருடைய வலது கை போர்வைமேல் கிடந்தது. விரல்கள் ஒன்றோடொன்று நெரிந்து நீலம் பாரித்திருந்தன. அதற்கப்பால் மெத்தை, ஓர் ஆளின் நீளத்துக்குப் பதிந்திருந்தது.

நான் கதவடியிலேயே நின்றேன். ஆனாலும் கேட்டேன்.

"அக்கா உங்களோட என்ன கதைக்கிறவ?"

அவர் யோசித்தார். "கதைக்கிறேல்லை. பாடுறா. ஏதோ பழைய இங்கிலிஸ் பாட்டு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் நின்றுவிட்டது. மெல்ல என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளும் அந்த முகத்தில் இல்லாத பயம் அப்போதுதான் வந்தது.

"கிளறிற்றா," என்றார். "டொலறஸுக்குப் பாட வராதே."

மெத்தையின் பள்ளம் மெல்ல மேலெழுந்தது.

நெரிந்திருந்த அவர் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அத்தான் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கன்னத்தில் ஒரு குளிர்ந்த உள்ளங்கை.

மிருதுவாக. பாசமாக.

பிறகு அது என் மணிக்கட்டைப் பிடித்தது. சந்தையில் பராக்குப் பார்க்கும் பிள்ளையை இழுத்துக்கொண்டு போவது போல, கோபமில்லாமல், விடாமல், என்னைப் படிகளால் இறக்கிக் கூட்டிக்கொண்டு போயிற்று. நான் அத்தானைக் கூப்பிட்டுக் கத்தினேன். கைப்பிடிக் கட்டையைப் பிடித்தேன். பிடி இறுகியது. வாசலுக்கு வெளியே, மழைக்குள், என்னை நிறுத்திவிட்டுத்தான் அது விட்டது.

கதவு சாத்திக்கொண்டது. திறப்பைப் போட்டுத் திருப்பினேன், அது பூட்டுக்குள் திரும்பவில்லை.

தீயணைப்புப் படையினர் வந்து கதவை உடைத்தபோது அத்தான் இருந்தபடியே இருந்தார். இருதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். அவரைத் தூக்கியவர்களில் ஒருவன் குளிரில் விறைத்த கையை உதறிக்கொண்டதைக் கண்டேன்.

வயல்காரரின் மூத்த மகளுக்கு அத்தான் ஒருபோதும் வேண்டியிருக்கவில்லை. கிரெஸ்வெல்லும் வேண்டியிருந்திருக்க மாட்டான். வேண்டியது தங்கைதான். தங்கை ஒருத்தி வந்து தன் முன்னால் முழந்தாளிட்டு, அக்கா என்று கூப்பிட்டுச் சம்மதம் கேட்டாள். பெயர் சொல்லாமல் கேட்டாள். அந்த வீட்டில் மூத்தவள் யாரோ அவள் பதில் சொன்னாள். என் அக்கா எப்போதோ நிம்மதியாகப் போய்விட்டிருக்க வேண்டும். அப்படித்தான் நம்ப விரும்புகிறேன்.

கடையை மூடினோம். வீட்டை யாரோ வாங்கினார்கள். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

போன மாதம் அம்மா திரும்பவும் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெயர் பிரியந்தன். ஹவுன்ஸ்லோவில்தான் வேலை. ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். நல்ல பகிடிக்காரர். நீண்ட காலத்துக்குப் பிறகு நான் சிரித்தேன். வெளியே நல்ல வெயில். பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று கழுத்துப் பட்டியை மேலே இழுத்துவிட்டார். கண்ணைத் துடைத்தார்.

"உங்களுக்குக் குளிரேல்லையோ?" என்று கேட்டார்.

நான் உடனே எழுந்து, எனக்கு இந்தக் கலியாணத்தில் விருப்பமில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் என்ன நினைத்திருப்பாரோ. உயிரோடு இருக்கட்டும்.

அம்மா இன்னும் என்னோடு கோபம். நான் தனியே ஓர் அறை எடுத்து இருக்கிறேன். கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கிறேன். காலையில் எழும்பும்போது என் தலைமயிர் பின்னியிருக்கிறது. நேராக வகிடெடுத்து, இரண்டு பக்கமும் இறுக்கிப் பின்னி, தலையைச் சுற்றி வட்டமாகக் கட்டிய பின்னல். எனக்கு அப்படிப் பின்னத் தெரியாது.

இன்று காலையும் அப்படித்தான். அவிழ்த்து, நன்றாகச் சீவி விரித்துவிட்டுத்தான் இதை எழுத இந்த மேசைக்கு வந்தேன்.

இப்போது கையை வைத்துப் பார்க்கிறேன். ஒரு பக்கம் பின்னி முடிந்துவிட்டது.