மேலும் கீழுமாய் ஐந்து ஓட்டைகள்

கார்த்திகை மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், சிவகாசிப் பட்டாசு முதலாளி ஜெயச்சந்திரன் விருதுநகரில் பொன்னுத்தங்கத்தின் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். தீபாவளி முடிந்து ஆலைகள் ஓய்ந்திருக்கும் காலம் அது. அந்த நாட்களில் முதலாளிமார்கள் கோயில், குற்றாலம் என்று கிளம்பிவிடுவார்கள். துப்பறிகிறவர் வீட்டைத் தேடி வருகிறார் என்றால் மனுஷருக்கு ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

பொன்னுத்தங்கம் தடய அறிவியல் கூடத்தின் துப்பாக்கிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தமாகப் பேசமாட்டார், அவசரப்படமாட்டார். அந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு அவருடைய சித்தி மகன் மணிகண்டராஜ் இருந்தார். வயது ஐம்பது, சிவகாசியில் காலண்டர் அச்சகம். ஆர்டர் குவியும் சீசனிலும் அக்காவுக்கு ஒரு வழக்கு என்று காதில் விழுந்தால் போதும், அச்சகத்தை மனைவி யோகேஸ்வரியின் தலையில் கட்டிவிட்டு ஓடி வந்துவிடுவார். அன்றும் வந்திருந்தார். முதல் காரியமாகக் குனிந்து ஜெயச்சந்திரனின் செருப்பைப் பார்த்தார்.

"அக்கா, சேறு! கரிசல் மண்ணு!" என்று காதோரம் கிசுகிசுத்தார்.

"வெம்பக்கோட்டைல இருந்து வர்றாரு. அங்கன வேற என்ன மண்ணு இருக்கும்? போயி காபி கொண்டாலே."

காபி வந்தது. ஈரக்காற்றில் சீனி கட்டிப் போயிருந்தது. ஜெயச்சந்திரன் கட்டிகளைத் தட்டில் போட்டுக் கரண்டியின் முதுகால் நைசாக நசுக்கி, அப்புறமே காபியில் கொட்டினார். பேச்சு அதன் பாட்டில் நடந்தது.

"எங்க ஆலைக்குப் பின்னால தரிசுல ஒரு ரைபிள் கிளப் வச்சிருக்கோம்க்கா. நான்தான் தலைவரு. ஆனா நான் சுடுறதில்ல, செலவு மட்டும்தான் என்னோடது. மசில் லோடர்னு ஒரு பழைய மாதிரித் துப்பாக்கி இருக்கு. குழல் வாய் வழியா மருந்தக் கொட்டி, எண்ணெய் தடவுன துணியில குண்டச் சுத்தி வச்சு, கம்பியால இடிச்சு உள்ள தள்ளணும்."

மருந்து என்று அவர் சொன்னது வெடிமருந்தை. அந்தப் பக்கத்தில் காய்ச்சலுக்குச் சாப்பிடுவதைத்தான் மாத்திரை என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

"மருந்து எம்புட்டு, துணி எந்தக் கனம், குண்டு எந்த அளவுன்னு மாத்தி மாத்திச் சுட்டுப் பாக்கணும். எதுல அஞ்சு குண்டும் ஒரே இடத்துல விழுதோ, அதுதான் அந்தத் துப்பாக்கிக்கு ஏத்த லோடு. செல்வலட்சுமின்னு ஒரு பொண்ணு, எங்க ஆலைல மருந்து அடைக்கிற வேலைல இருந்தவ, இப்ப கிளப்புல சுடுற இடத்த, ரேஞ்ச, பாத்துக்கிறா. நல்லாச் சுடுவா. பல மாசமா மெனக்கெட்டு அந்த லோடக் கண்டுபிடிச்சா. அஞ்சு ஓட்டையையும் ஒரு உளுந்தவடைய வச்சு மூடிறலாம். கோயமுத்தூர்ப் போட்டிக்கு அவளத்தான் அனுப்புறதா இருந்தோம்."

"இப்ப அனுப்பலையா?"

"முந்தாநேத்து கடைசியா ஒரு சோதனை வச்சோம். அதே துப்பாக்கி, அதே துணி, அதே குண்டு. ஒண்ணு கூட ஒழுங்கா விழல. மருந்த மாத்திட்டாக்கா. நல்ல மருந்த எடுத்துட்டு வேற எதையோ மருந்துக் குப்பில போட்டு வச்சிருக்கா."

"மருந்து யார் பொறுப்புல இருக்கு?"

"மருந்து டப்பா முந்தி கிளப்புலதான் இருந்துச்சு, அவளேதான் குப்பில நிரப்பிக்குவா. பாதுகாப்புக்காகப் போன வாரம் அத எங்க ஆலைக் கிடங்குக்கு மாத்திட்டேன். அதனால இந்தத் தடவ பித்தளைக் குப்பிய நானே நிரப்பி சோதனைக்கு மொத நாள் சாயங்காலம் அவகிட்டக் குடுத்தேன். ராத்திரி அவ பெட்டிலதான் இருந்துச்சு. சோதனை முடிஞ்சதும் வாங்கிப் பூட்டிட்டேன், திறந்து பாக்கல."

"நிரப்புறப்ப என்ன செஞ்சீக?"

"என்ன செய்ய? டப்பாவத் திறந்தேன், நிரப்பினேன், குடுத்தேன்."

பொன்னுத்தங்கம் காபித் தம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார். "வெளிய சொல்லிட்டீகளா?"

"போலீசுக்குப் போகல. நாலு முதலாளிமார்கிட்டப் போன்ல சொன்னேன். அவங்க கம்பெனிலயும் உசாரா இருக்கணும்ல?"

"மருந்துத் திருடின்னு பேரு விழுந்துட்டா சிவகாசியிலயிருந்து ஏழாயிரம்பண்ணை வரைக்கும் அவளை ஒரு கம்பெனியும் கேட்டுக்குள்ள விடாதே. போட்டியும் போச்சு, பொழப்பும் போச்சு."

"உண்மைன்னா விடக்கூடாதுதான?" என்றார் ஜெயச்சந்திரன். அவர் கெட்டவர் இல்லை. சந்தேகம் ஒன்று மனதில் விழுந்துவிட்டால் அதை அடைகாத்துப் பொரிக்கிற ரகம், அவ்வளவுதான்.

மத்தியானம் மழை ஓய்ந்தபின் மூவரும் ரேஞ்சுக்குப் போனார்கள். தகரக் கொட்டகையில் செல்வலட்சுமி காத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். அழுத மாதிரித் தெரியவில்லை. அழுதால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று அடக்கி வைத்திருக்கிறாள் என்பது பொன்னுத்தங்கத்துக்குப் பார்த்தவுடன் புரிந்தது. ஜெயச்சந்திரனைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் போனார்.

"குப்பிய வாங்கினதும் திறந்து பாத்தியா தாயி?"

"இல்லம்மா. மொதலாளியே நிரப்பிக் குடுத்தது, நான் எதுக்குத் திறக்க? குப்பி மூக்குல இருக்கிற மூடிய அழுத்துனா ஒரு அளவு மருந்து விழும். நீளமான புனல் வச்சு அப்படியே குழலுக்குள்ள விட்டுருவோம். மருந்து கண்ணுலயே படாது."

"சுடுறப்ப வித்தியாசம் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சும்மா. ஒரு தடவ தோள்ல ஓங்கி இடிச்சுச்சு, மறுதடவ பொசுக்குன்னு போச்சு. சொன்னா, திருடுனவ கத கட்டுறான்னாக."

சுட்ட அட்டையைக் கேட்டு வாங்கினார் பொன்னுத்தங்கம். மணிகண்டராஜ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஐந்து ஓட்டைகள். ஒன்று அட்டையின் உச்சியில், ஒன்று அடியில், மற்றவை இடையில். ஆனால் நூல் பிடித்தமாதிரி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருந்தன. இடது வலதாக ஒன்றுகூட விலகவில்லை.

"கை நடுங்கியிருக்குக்கா!" என்றார் மணிகண்டராஜ். "குற்ற உணர்ச்சி!"

"கை நடுங்குனா நாலா பக்கமும் போகும்லே. காத்தடிச்சா பக்கவாட்டுல தள்ளும். இது மேலயும் கீழயும் மட்டும் போயிருக்கு. குண்டு ஒரு தடவ வேகமாவும் ஒரு தடவ மெதுவாவும் கிளம்பியிருக்கு. அவ கை கல்லு மாதிரி நின்னுருக்கு."

பிறகு அவர் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு முன்னால் ஈரத்தரையில் இறங்கி எதையோ பொறுக்கினார். குண்டோடு வெளியே வந்து விழுந்த துணித்துண்டுகள் அவை. ஓரம் கருகியிருந்ததே தவிர எதுவும் கிழியவில்லை, நடுவில் பொத்தல் இல்லை. துணி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. மிச்சம் இருந்தது மருந்து ஒன்றுதான்.

ஜெயச்சந்திரன் பூட்டி வைத்திருந்த குப்பியையும், கிடங்கில் இருந்த டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகையும் கொண்டுவரச் செய்து, மணிகண்டராஜிடம் மட்டும் காட்டி, வெள்ளைத்தாளில் அருகருகே கொட்டினார். டப்பாவில் இருந்தது கடுகைவிடச் சிறிய குருணை, கருகருவென்று மினுங்கியது. குப்பியில் இருந்தது பாதி தூள், பாதி நொறுங்கல்.

"மாட்டுனா! வேற மருந்து!" மணிகண்டராஜுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த நொடியே அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்து அவருடைய குரல் இறங்கிவிட்டது. "பாவம்க்கா. நல்ல பொண்ணா இருந்தா."

பொன்னுத்தங்கம் லென்ஸை எடுத்து அந்தத் தூளை நெடுநேரம் பார்த்தார். "இங்கன பட்டாசுக்குப் போடுற மருந்து மினுங்குமாலே?"

"மினுங்காது. அடுப்புக்கரித்தூள் மாதிரி இருக்கும்."

"இந்த நொறுங்கல் ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கம் மினுங்குது, பாத்துக்க." அதற்குமேல் அவர் விளக்கவில்லை. காரை நோக்கி நடந்தார். "ஜெயச்சந்திரன் தம்பி, எனக்கு ஒரு உதவி. அன்னைக்குச் செஞ்ச மாதிரியே இன்னொரு குப்பிய எங்க முன்னால நிரப்பிக் காட்டுங்க. ஒண்ணக்கூட விடாதீக."

ஆலைக்குள், கிடங்கை அடுத்த சின்ன அறையின் வாசலில் எல்லோரும் நின்றார்கள். செல்வலட்சுமி கடைசியில், தூணோரம். ஜெயச்சந்திரன் செருப்பைக் கழற்றினார். கதவோரத்துச் செம்புத்தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வது. உள்ளே போய் டப்பாவைத் திறந்து, தேவையான மருந்தைத் தாளில் கொட்டினார்.

"மழைக்காலம் வந்தாலே இதுதான் பிரச்சினை," என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே ஆணியில் தொங்கிய நைஸ் சல்லடையை எடுத்தார். மருந்தை அதில் போட்டார். உள்ளங்கையால் மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார். முப்பது வருஷப் பழக்கம் உள்ள கை, ஒரு துளி சிந்தாமல் சுற்றிச் சுற்றி வந்தது. குருணைகள் உடைந்து தூளும் நொறுங்கலுமாகக் கீழே இறங்கின. சல்லடையைத் தட்டிவிட்டு, தாளை மடித்து, குப்பிக்குள் சரித்து, மூடியைத் திருகினார்.

"அம்புட்டுத்தான். நிரப்பினேன், குடுத்தேன்," என்று நிமிர்ந்தார்.

மணிகண்டராஜின் வாய் திறந்தபடி நின்றது. செல்வலட்சுமி தூணை விட்டு ஓரடி முன்னால் வந்திருந்தாள்.

"என்னக்கா, எல்லாரும் இப்படிப் பாக்கீக?"

"சல்லடைல என்ன செஞ்சீக தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார் பொன்னுத்தங்கம்.

"சலிச்சேன். மருந்து கட்டியா இருந்துச்சுல்ல? கட்டியோட யாராச்சும் மருந்தக் குடுப்பாகளா? போட்டிக்குப் போற சோதனை, நைசா இருக்கட்டும்னு..." வாக்கியம் பாதியில் நின்றது. அவர் கையில் இருந்த குப்பியைப் பார்த்தார்.

"அது கட்டி இல்ல. இந்தத் துப்பாக்கி மருந்தே குருணையாத்தான் இருக்கணும். குருணைக்கு இடையில சந்து இருந்தாத்தான் நெருப்பு ஒரே சீராப் பரவும். தூளும் நொறுங்கலும் கலந்துட்டா ஒரு தடவ சடார்னு எரியும், ஒரு தடவ மந்தமா எரியும். குண்டும் மேலயும் கீழயுமாப் போகும். இன்னும் கொஞ்சம் மோசமாப் போயிருந்தா குழலே வெடிச்சு அந்தப் பொண்ணு முகத்துல அடிச்சிருக்கும்."

ஜெயச்சந்திரன் பக்கத்திலிருந்த மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீக?" மணிகண்டராஜால் பொறுக்க முடியவில்லை.

"திருடுனவ வேற மருந்த வச்சிருப்பா. குப்பில இருந்தது அதே மருந்து, மினுக்கம் போகல, உடைஞ்சுதான் இருந்துச்சு. நல்ல மருந்த உடைச்சு வச்சு திருடனுக்கு என்ன லாபம்? அப்ப, உடைச்ச ஆளு கெடுக்கணும்னு நினைக்கல, சரிபண்றோம்னு நினைச்சிருக்கு. குருணையப் பாத்துக் கட்டின்னு யார் நினைப்பா? பல மாசம் அதைக் கையாண்ட செல்வலட்சுமி நினைக்கமாட்டா. இப்பத்தான் முதல் தடவையா அந்த டப்பாவத் திறந்த ஆளு, பொறந்ததுலயிருந்து தூள் மருந்து மட்டுமே பாத்த ஆளு, அவருதான் நினைப்பாரு. காலைல எங்க வீட்டுச் சீனியையே சும்மா விடலையே!"

"காலைலயே அவர்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமேக்கா?"

"கேட்டேன்லே. டப்பாவத் திறந்தேன், நிரப்பினேன்னு சொன்னாரு. அது பொய் இல்ல. சோறாக்குறவகிட்ட என்ன செஞ்சேன்னு கேட்டா அரிசி களைஞ்சதத் தனியாச் சொல்லுவாளா? இவருக்குச் சலிக்கிறது அப்படி. கை செஞ்சது, மனசுக்குத் தெரியல."

ஜெயச்சந்திரன் எழுந்து செல்வலட்சுமிக்கு எதிரில் வந்து நின்றார். குப்பியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தார். அவ்வளவு பெரிய மனுஷர் அப்படி நிற்பதைப் பார்க்க மணிகண்டராஜுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"தப்பு என் மேலதான் தாயி. மன்னிச்சிரு."

"எங்கிட்டச் சொன்னா மட்டும் போதுமா மொதலாளி?" என்றாள் செல்வலட்சுமி. குரல் நடுங்கினாலும் கேள்வி நடுங்கவில்லை.

அவர் தலையாட்டினார். எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிடங்கை விட்டு வெகுதூரம் தள்ளி, ஆலை அலுவலகத்துக்கு வந்து, மேஜைமேல் இருந்த போனை எடுத்து ஸ்பீக்கரைப் போட்டார். நாலு முதலாளிமாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "நான் சொன்னது பொய்யிய்யா. மருந்தக் கெடுத்தது நான்தான். அந்தப் பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல," என்று நாலு பேரிடமும் அதையே சொன்னார். அவர்களில் ஒருவர் சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. ஜெயச்சந்திரன் அதையும் பொறுத்துக்கொண்டார்.

வெயில் சாய்வதற்குள், சலிக்காத மருந்தோடு செல்வலட்சுமி ஐந்து குண்டுகள் சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் தோளில் ஒரே இடி, ஒரே சத்தம். மணிகண்டராஜ் ஓடிப்போய் அட்டையை எடுத்துவந்து, தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் காட்டினார். ஓட்டை ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

அதைப் பார்த்தபின்தான் செல்வலட்சுமி அழுதாள். துப்பாக்கியைப் பத்திரமாகத் தாங்கியில் சாய்த்து வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நன்றாகவே அழுதாள். பொன்னுத்தங்கம் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார், சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ஜெயச்சந்திரன் தள்ளி நின்று தரையைப் பார்த்தார்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"மொதலாளி, கோயமுத்தூர் போற வரைக்கும் குப்பிய நானே நிரப்பிக்கிறேன்."

"போயிட்டு வந்த பெறகும் நீயே நிரப்பும்மா," என்றார் ஜெயச்சந்திரன்.