நண்டு தூக்கிப் போன ஸ்பார்க் பிளக்

“நம்ம படகை ஒரு நண்டு நிறுத்திப்புட்டுச்சுவே! ஸ்பார்க் பிளக்கைத் தூக்கிட்டு, திரும்பி என்னைப் பாத்து ஒரு மொறைப்பு வேற!”

வேதமுத்து சொல்லி முடித்ததும் டீக்கடையில் கிளம்பிய சிரிப்பில் பெரிய நிக்கோபார் தீவே ஒரு முழம் கடலுக்குள் இறங்கி மறுபடி மேலே வந்தது. சிரிக்காதவர் ஒருவர்தான். வேதமுத்துவின் தங்கை புருஷன் தனராஜ்.

“கேக்குறவன் கேனயன்னா கேப்பையில நெய் வடியுமாம். படகைத் தொலைச்சிட்டு நண்டு மேல பழி போடுதீரா மச்சான்?”

“தொலைக்கலை மாப்ள. சங்குமூக்குக் கழியில பத்திரமாக் கட்டிப் போட்டிருக்கேன்.”

சங்குமூக்குக் கழி! முதலைகள் குடும்பம் குட்டியோடு குடியிருக்கும் உப்பங்கழி. பெயரைக் கேட்டதுமே மற்ற படகுக்காரர்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். கிழட்டு இன்ஜினுக்கு வேறு பிளக்கும் ஊரில் இல்லை. அடுத்த கப்பலில்தான் வரவேண்டும்.

“இன்னைக்குப் பௌர்ணமி” என்றாள் வாசலில் வந்து நின்ற எப்சி. வேதமுத்துவின் தங்கை, தனராஜின் மனைவி, படகுக்குச் சொந்தக்காரி. “சாயங்காலம் கடல் வெள்ளம் ஏறி வடிஞ்சா, கயித்தை அத்துக்கிட்டுப் படகு கடலுக்குப் போயிரும். ரெண்டு வீட்டு அடுப்பும் அதுலதான் எரியுது. எந்திரிங்க ரெண்டு பேரும்!”

மூவரும் காட்டுக்குள் இறங்கினார்கள். வெயில் அங்கே வாசலோடு நின்றுகொண்டது. உள்ளே பச்சை இருட்டு. அட்டைகள் பந்தியில் இடம் பிடிப்பதுபோல முண்டியடித்துக் காலில் ஏறின. குரங்குகள் கத்திக்கொண்டே கூட வந்தன. கழி நெருங்கியதும் சொல்லிவைத்தாற்போல் வாயை மூடிக்கொண்டன. அந்த அமைதி தனராஜின் முதுகில் ஈரக்கையை வைத்தது.

மணலில் டிராக்டர் ஓட்டியதுபோல ஒரு தடம். “ஆமை” என்றார் வேதமுத்து. “ராத்திரி முட்டையிட வந்திருக்கும். கட்டில் அகலம் இருக்கும் மாப்ள!”

“அதுக்குப் பக்கத்துல இன்னொரு தடம் தண்ணிக்குள்ள போகுதே, அது?”

ஆயுசில் முதல்முறையாக வேதமுத்து வாய் மூடியதைப் பார்த்தபோதுதான் தனராஜுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

படகு இருந்தது! கரையோரச் சேற்றில் நின்ற கண்டல் மரத்தில் கட்டிய கயிறு விறைத்து முனகியது. வெள்ளம் ஏற ஆரம்பித்திருந்தது.

“பிளக்கை எங்கேண்ணே வச்சே?”

“கரி பிடிச்சிருந்தது. எல்லாரும் செய்யறதுதானே? கழத்தித் தொடச்சு, இந்தப் பாறையில காயப்போட்டுக் கண்ணசந்தேன்.”

“எதால தொடச்சே?”

“சோறு கட்டியிருந்த துணியாலதான்.”

“நான் தேங்காத் துவையல் வச்சுக் கட்டுன துணியா?” எப்சி தலையில் அடித்துக்கொண்டாள். “தேங்காயையே உடைச்சுத் திங்கிற தேங்கா நண்டு ஊருல தேங்கா வாசத்தைத் தடவி வச்சிட்டுத் தூங்கியிருக்கியேண்ணே!”

பாறைக்கு அடியில், வேருக்கு நடுவே ஒரு பொந்து. தனராஜ் மண்டியிட்டார். இந்தப் புளுகை இன்றோடு முடித்துவிட வேண்டும்! முழங்கை வரை கையை விட்டார். “நல்லாப் பாத்துக்கோங்க. உள்ளே நண்டும் இல்ல, ஒரு மண்ணும்...”

கடக்!

அவர் போட்ட அலறலில் போர்ட் பிளேரில் கப்பல் ஒன்று பதிலுக்கு ஊதியிருக்கும். ஆள்காட்டி விரல் நண்டின் இடுக்கியில் மாட்டியிருந்தது. அதே நொடியில் உள்ளங்கையில் வழுவழுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. பிளக்!

“மாப்ள, இழுக்காதீரும்! இழுத்தா விரலு அங்கேயே நின்னுக்கும்!”

தண்ணீர் தனராஜின் முழங்காலைத் தொட்டது. நிமிர்ந்து பார்த்தார். கழியின் நடுவில் இரண்டு கண்மேடுகள். அவர் பார்த்தபோது அவை அசையவில்லை. ஒரு முறை இமைத்துவிட்டுப் பார்த்தார். பாதி தூரம் வந்திருந்தன.

“எப்சி... முதலை...”

“நண்டு வயித்துல கிச்சுகிச்சு மூட்டு தங்கச்சி! அப்பதான் விடும்!” படகிலிருந்து எடுத்த துடுப்பால் தண்ணீரை அறைந்தபடி கத்தினார் வேதமுத்து.

“சாவப் போற நேரத்துல கிச்சுகிச்சா!” தனராஜுக்கு அழுகை வந்தது.

எப்சி கீழே கிடந்த தென்னோலையிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவிப் பொந்துக்குள் நுழைத்தாள். நண்டின் மெத்தென்ற அடிவயிற்றைத் தேடித் தேடி வருடினாள். ஒன்றும் நடக்கவில்லை. கண்மேடுகளுக்குப் பின்னால் முதுகு எழுந்தது. முள் முள்ளாக, முடிவே இல்லாமல் எழுந்துகொண்டே இருந்தது. தனராஜ் விரலை மறந்து பிளக்கை மட்டும் இறுகப் பிடித்திருந்தார்.

இடுக்கி தளர்ந்தது!

ஓடினார்கள். விழுந்தடித்துப் படகில் ஏறினார்கள். வேதமுத்து பிளக்கைத் திருகிவிட்டு இன்ஜின் கயிற்றைச் சுண்டினார். இன்ஜின் செருமிவிட்டு அடங்கியது. அடிப்பக்கம் சேற்றில் புதைந்து படகும் நகர மறுத்தது. மறுபடி சுண்டினார். ஊஹூம்.

டமார்!

முதலை படகின் பின்புறத்தில் மோதியது. மோதிய வேகத்தில் படகு சேற்றை விட்டுச் சறுக்கித் தண்ணீருக்குள் பாய்ந்தது. அந்த அதிர்ச்சியிலோ என்னவோ, அடுத்த இழுப்பில் இன்ஜின் படபடவென்று பிடித்துக்கொண்டது. எப்சி கட்டுக்கயிற்றை வெட்டினாள். கழியின் வாயைத் தாண்டும்வரை யாரும் மூச்சு விடவில்லை.

மறுநாள் டீக்கடையில் வேதமுத்து நெஞ்சை நிமிர்த்தினார். “நண்டு நிறுத்துன படகை முதலை தள்ளிவிட்டுச்சுவே!”

கடை குலுங்கியது. “யோவ் தனராஜு, நீரு சொல்லும். பொய் பேசாத மனுசன் நீரு ஒருத்தர்தானே!”

ஒரே வார்த்தையில் மச்சானைக் கவிழ்த்துவிடலாம். எத்தனை வருஷமாகக் காத்திருந்த தருணம்! தனராஜ் வாழைப்பழம்போல் வீங்கிய விரலைப் பார்த்தார். வெளியே, அலையில் ஆடிக்கொண்டிருந்த படகைப் பார்த்தார். வாசலில் நின்ற எப்சி புருவத்தை உயர்த்தினாள்.

“பிளக்கைத் தொடைக்க இனிமே வேற துணி வச்சுக்கோங்கப்பா” என்றார் தனராஜ். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, டீ கிளாசைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னார்:

“நடந்துச்சுவே. அம்புட்டும் நடந்துச்சு.”