மூன்றாவது ஒயர்

புதுப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வெள்ளைப் புகை அலாரம். அதன் நடுப் பொத்தானில் ஒரு கரி விரல் பதிந்திருந்தது.

மந்திரமூர்த்தி தன் கையைத் திருப்பிப் பார்த்தான். சுவர்த் தூசிதான் இருந்தது, கரி இல்லை. சட்டை நுனியால் பொத்தானைத் துடைத்துவிட்டு ஏணியில் ஏறி அலாரத்தைச் சீலிங்கில் மாட்டினான். இந்த இரண்டாம் மாடி அறைக்குப் பெயின்ட் அடித்து ஒரு மாதம் ஆகிறது. பூட்டிக் கிடந்த ஜன்னல் இடுக்கு வழியாக உப்புக்காற்று கசிந்தது. ஆனாலும் பெயின்ட் வாடைக்கு அடியில், கருகிய மெத்தைப் பஞ்சின் வாடை ஒன்று மூச்சுப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்தது.

போன வருஷம் இந்த வீட்டின் மூன்று தளங்களுக்கும் அலாரம் மாட்டியவன் அவன்தான். ஒவ்வொன்றிலும் மூன்று ஒயர். பேஸ், நியூட்ரல் தெரியும். மூன்றாவதை எர்த் என்று நினைத்தான். பிளாஸ்டிக் பெட்டிக்கு எர்த் எதற்கு என்று மடக்கி டேப் சுற்றிவிட்டான். பெட்டிக்குள் தமிழிலேயே ஒரு தாள் இருந்தது. அவன் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை இந்த அறையில் இருந்த ஜெபசுதா டீச்சர் பார்த்துவிட்டார்.

"தம்பி, நான் வாசிச்சுச் சொல்லட்டா?"

"வாசிச்சிட்டேன் டீச்சர்." நாற்பத்தெட்டு வயசில் காது சுட்டது.

ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கிப் பார்த்தான். அதது தனியே கத்தியது. போய்விட்டான்.

ஐப்பசி அடைமழையில் இங்கே, கதவோரம் தீப்பிடித்தது. மாடியில் கத்தியது மாடியிலேயே நின்றது. அலாரத்துக்குக் கீழே, கவிழ்ந்த நாற்காலியோடு டீச்சர் இறந்து கிடந்தார். கீழே இருப்பவர்களை எழுப்பப் பொத்தானை அமுக்கத்தான் ஏறியிருக்கிறார்.

அதன் பிறகுதான் மகளின் பழைய புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டான். முதலில் முழுசாக வாசித்தது அந்தத் தாளைத்தான். 'மூன்றாவது ஒயரால் எல்லா அலாரங்களையும் இணைக்கவும். ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும். முதலில் அடித்ததில் மட்டும் சிவப்பு விளக்கு மினுங்கும்.'

இப்போது கீழ் இரண்டையும் இணைத்தாயிற்று. இங்கே அந்த ஒயர் மட்டும் தொங்கியது. தாளை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, முதலில் கீழ் இரண்டையும் சோதித்துப் பார்க்க மெயினைப் போடக் கீழே இறங்கினான்.

டீச்சரின் தம்பி கிருபாநிதி காப்பியோடு காத்திருந்தார்.

"முதல்ல குடிலே மூர்த்தி. ஆறிச்சின்னா மருமவ என்னையத்தான் ஏசுவா." சிரித்தவர் முகம் அப்படியே வாடியது. "ஒண்ணு கேக்கணும்லே. அன்னைக்குக் கீழயும் அடிச்சிருக்குமோ? நாந்தான் எந்திரிக்காமக் கிடந்துட்டனோ?"

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. வந்த இடத்திலேயே வெட்கம் அதை விழுங்கிற்று.

"அடிச்சிருக்கும் அண்ணாச்சி. மழைல உங்க காதுல விழுந்திருக்காது."

கிருபாநிதி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். மந்திரமூர்த்தி மெயினைப் போட்டான்.

எல்லா அலாரங்களும் ஒன்றாகக் கத்தின.

கூடத்தில் பார்த்தான். பச்சை விளக்கு. முதல் மாடிக்கு ஓடினான். பச்சை.

மேலே மூன்றாவது ஒயரை இன்னும் இணைக்கவே இல்லை.

"எங்கனலே தீ?" கிருபாநிதி பின்னாலேயே ஏறி வந்தார்.

இரண்டாம் மாடி. கதவு. பஞ்சு கருகும் வாடை.

மூன்றாவது ஒயர் தொங்கியது, தொங்கியபடியே. அலாரத்தில் சிவப்பு. மினுங்கியது. அணைந்தது. மினுங்கியது. பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தது. யாரோ விரலை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

சட்டென்று சத்தம் நின்றது.

ஜன்னல் திண்டில் தாள் விரிந்து கிடந்தது. எழுத்துகளுக்கு அடியில் ஒரு கரிக்கோடு நகர்ந்தது. மெதுவாக. ஒரு சொல். நின்றது. அடுத்த சொல். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி.

"அக்கா?" என்றார் கிருபாநிதி.

பிறகு அந்தக் கோட்டோடு சேர்ந்து அவரும் வாசிக்கத் தொடங்கினார். "மூன்றாவது... ஒயரால்... எல்லா..."

அவர் குரல் நின்றது. பார்வை தொங்கும் ஒயருக்குப் போனது.

கோடு நிற்கவில்லை. தாளைத் தாண்டியது. வெள்ளைச் சுவரில் இறங்கியது. தரையில், ஒரு விரல் அகலத்தில், மந்திரமூர்த்தியின் காலைப் பார்த்து வந்தது.